மரத்துக்குக் கணக்குப் போட்ட யூல்

ஆல மரம், அரச மரம், அத்தி மரம். இந்த மூன்றும் நெருங்கிய உறவு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

இப்படி நெருங்கிய உறவுள்ள இனங்களை ஒன்றாகச் சேர்த்து, அதைப் பேரினம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த பேரினத்தில், உலகம் முழுவதும் 800-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

தென்னைக்கு எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள்?

ஒருவரும் இல்லை! தென்னையின் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது தென்னை ஒன்றுதான். நெட்டை, குட்டை, செவ்விளநீர் எல்லாம் அந்த ஒரே இனத்தின் வகைகள்.

ஒரு வீட்டில் 800 பிள்ளைகள். இன்னொரு வீட்டில் ஒற்றைப் பிள்ளை. ஏன் இந்த ஓரவஞ்சனை? ஆல் கெட்டிக்கார மரமா? தென்னை கையாலாகாத மரமா?

தென்னையைக் கையாலாகாதது என்று யார் சொல்ல முடியும்? அதன் காய் கடலில் மிதந்து போய், அக்கரையிலும் முளைக்கிறது!

இந்தக் கேள்விக்குக் காகிதமும் பேனாவும் கொண்டு விடை தேடினார் ஒருவர். அவர் செடி கொடிகளை ஆராய்ந்தவர் அல்ல. என்ஜினீயரிங் படித்தவர். மின்சார அலைகளை ஆராய்ந்தவர். பிறகு புள்ளி விவரக் கணக்கில் இறங்கி, உலகப் புகழ் பெற்றவர்.

அவர் பெயர், ஜார்ஜ் உட்னி யூல்.

இந்தியாவோடு உறவு

யூல் 1871-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி, ஸ்காட்லாந்து நாட்டில் ஹாடிங்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார்.

அவருடைய தகப்பனார் பெயரும் ஜார்ஜ் உட்னி யூல்தான். வெள்ளைக்காரர் ஆட்சியில் வங்காளத்தில் பெரிய அதிகாரியாக இருந்தவர். சர் பட்டம் பெற்றவர்.

பெரிய தகப்பனார், சிற்றப்பா வரிசையில் இன்னொருவரும் பெயர் பெற்றவர். அவர் சர் ஹென்றி யூல். இந்திய மொழிகளில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் திரட்டி, 1886-ல் ஒரு பெரிய அகராதி வெளியிட்டார். அதன் பெயர் ஹாப்சன் ஜாப்சன். தமிழ்நாட்டில் நீதிபதியாக வேலை பார்த்த பர்னல் என்பவரும் அதில் கூட்டு. கட்டுமரம், சுருட்டு, மிளகுத் தண்ணீர் ஆகிய நம்முடைய சொற்கள் அந்த அகராதியில் இடம் பெற்றிருக்கின்றன.

சிறுவன் யூல் இந்தியாவுக்கு அதிகாரியாக வரவில்லை. அவன் மனம் இயந்திரங்களில் இருந்தது.

மின்சாரமும் கணக்கும்

16-வது வயதில், லண்டனில் உள்ள யூனிவர்சிட்டி கல்லூரியில் யூல் என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் பட்டறைகளில் வேலை பழகினார். அது மனதுக்குப் பிடிக்கவில்லை.

1892-ல் ஜெர்மனிக்குப் போனார். பான் நகரில் ஹெர்ட்ஸ் என்ற மேதை இருந்தார். ரேடியோவுக்கு அடிப்படையான மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியவர் அவர்தான். அவரிடம் யூல் ஆராய்ச்சி செய்தார்.

அந்தச் சமயத்தில் லண்டனில் இருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் கார்ல் பியர்சன் என்ற கணிதப் பேராசிரியர். உயிர்களின் உயரம், எடை, ஒற்றுமை, வேற்றுமை எல்லாவற்றையும் கணக்கில் அடக்கிவிட முடியும் என்று நம்பியவர். யூல் 1893-ல் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அதோடு அவர் வாழ்க்கை திசை திரும்பியது. மின்சாரம் போயிற்று. புள்ளி விவரம் வந்தது.

சம்பளம் போதவில்லை. 1899-ல் அந்த வேலையை விட்டு, பரீட்சை நடத்தும் அலுவலகம் ஒன்றில் உத்தியோகம் ஏற்றுக்கொண்டார். பகலில் அலுவலகம். மாலையில் கல்லூரியில் புள்ளி விவரப் பாடம் நடத்தினார்.

அந்தப் பாடங்களே 1911-ல் ஒரு புத்தகமாக வெளிவந்தன. அது 14 பதிப்புகள் கண்டது. மேல் நாட்டில் இரண்டு மூன்று தலைமுறை மாணவர்கள், புள்ளி விவரக் கணக்கை அந்தப் புத்தகத்தில்தான் கற்றார்கள்.

1912-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் யூலை ஆசிரியராக அழைத்துக் கொண்டது. அதே ஆண்டில் அவருடைய திருமண உறவு சட்டப்படி ரத்தாயிற்று. அதன் பின் படிப்பே துணை ஆயிற்று.

குருவுடன் தகராறு

இரண்டு விஷயங்களுக்கு இடையே உள்ள தொடர்பை எப்படி அளப்பது? இதில் குருவுக்கும் சீடருக்கும் கருத்து வேற்றுமை வந்தது. பியர்சனும் அவருடைய சகா ஒருவரும், 1913-ல் மிக நீண்ட கட்டுரை எழுதி யூலைத் தாக்கினார்கள்.

யூல் பகையை வளர்க்கவில்லை. 1936-ல் பியர்சன் இறந்தபோது, அவருடைய வாழ்க்கையையும் பெருமையையும் எழுதி அஞ்சலி செலுத்தியவர்களில் யூலும் ஒருவர்!

அவசரப்பட்டுக் காரணம் சொல்லாதே!

யூலின் ஆராய்ச்சிகளில் ஒரு குணம் திரும்பத் திரும்ப வரும். அவசரப்பட்டுக் காரணம் சொல்லக் கூடாது என்பதுதான் அது.

1899-ல் இங்கிலாந்தின் வறுமையைப் பற்றிக் கணக்கு எழுதினார். அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒரு எச்சரிக்கை சேர்த்தார். இதனால் அது வந்தது என்று தாம் எழுதியிருக்கும் இடங்களில், இதோடு அது சேர்ந்து காணப்படுகிறது என்று மட்டும் கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து.

1926-ல் இதை வேடிக்கையாகவே காட்டினார். இங்கிலாந்தில் 1866 முதல் 1911 வரை, மாதா கோவில் முறைப்படி நடக்கும் கல்யாணங்களின் விகிதம் குறைந்துகொண்டே வந்தது. நாட்டில் சாவு விகிதமும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மிக நெருங்கிய தொடர்பு இருப்பது போல விடை வருகிறது.

அப்படியானால், கோவிலில் கல்யாணம் செய்வதால்தான் ஜனங்கள் சாகிறார்களா? இல்லவே இல்லை. இரண்டும் தனித்தனியே குறைந்து வந்தன. அவ்வளவுதான்.

இந்தக் குணம் படைத்தவரிடம்தான், செடிகளின் கணக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அது வந்த இடம் இலங்கை.

பேராதனைத் தோட்டம்

இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனை தாவரவியல் தோட்டம் இருக்கிறது. 1896 முதல் 1912 வரை அதன் தலைவராக இருந்தவர், ஜான் வில்லிஸ் என்ற ஆங்கிலேயர்.

வில்லிஸ் இலங்கையின் செடி கொடிகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார். இலங்கையில் மட்டுமே வளரும் இனங்கள், பெரும்பாலும் சிறு இடத்திலேயே அடங்கிக் கிடந்தன. பிற நாடுகளிலும் உள்ள இனங்கள், இலங்கையிலும் பரந்து வளர்ந்தன.

இதற்கு வில்லிஸ் சொன்ன விளக்கம் எளிதானது. பழைய இனத்துக்குப் பரவ நிறையக் காலம் கிடைத்தது. புதிய இனத்துக்கு இன்னும் காலம் கிடைக்கவில்லை. வயதுக்கு ஏற்ற பரப்பு!

1922-ல் வில்லிஸ் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. உலகத்தில் பூக்கும் செடிகளின் பேரினங்கள் சுமார் 12,500 என்று அவர் எண்ணியிருந்தார். அவற்றில் 100-க்கு 38 அல்லது 39 பேரினங்களில் ஒரே ஒரு இனம்தான். இரண்டு இனங்கள் உள்ளவை அதைவிட மிகக் குறைவு. மூன்று உள்ளவை இன்னும் குறைவு. ஆனால் ஒரு சில பேரினங்களில் மட்டும் நூற்றுக் கணக்கான இனங்கள்!

செடிகளில் மட்டுமா இப்படி? யூல் பாம்புகளின் கணக்கை எடுத்தார். பட்டியலில் 293 பேரினங்கள். அவற்றில் 131-ல் ஒரே இனம். இரண்டு இனங்கள் உள்ளவை 35 மட்டுமே.

பல்லி, ஓணான் வகைகளை எடுத்தார். 259 பேரினங்கள். அவற்றில் 105-ல் ஒரே இனம்.

வண்டுகளிலும் அதே கதை!

செடி வேறு, பாம்பு வேறு, வண்டு வேறு. ஆனால் கணக்கின் வடிவம் ஒன்றாக இருக்கிறது. இது எப்படி?

பணம் குட்டி போடுவது போல

டார்வின் 1859-ல் வெளியிட்ட புகழ் பெற்ற புத்தகத்தில் ஒரே ஒரு படம்தான் உண்டு. அது கிளை விட்டுப் பிரியும் மரம் போன்ற படம். ஒரு இனத்தில் இருந்து இன்னொரு இனம் பிரிகிறது. அதிலிருந்து மற்றொன்று. இப்படி உயிர்கள் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள் என்பது அவர் கொள்கை.

யூல் அந்த மரத்துக்கு ஒரு விதி வகுத்தார். மிக எளிய விதி.

எந்த இனமும் உயர்ந்தது அல்ல. எந்த இனமும் தாழ்ந்தது அல்ல. புதிய கிளை விடுவதற்கு எல்லா இனத்துக்கும் ஒரே அளவு வாய்ப்பு உண்டு. எது எப்போது கிளை விடும் என்பது, சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத் தற்செயல். அபூர்வமாக, புதிதாக வந்த இனம் மிகவும் மாறுபட்டு, தனிப் பேரினமாகவும் ஆகிவிடும்.

இந்த விதியைக் கொண்டு யூல் கணக்குப் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். 60 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தக் கட்டுரை, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1925-ல் வெளிவந்தது.

விடை என்ன? ஒற்றைப் பிள்ளை வீடுகள் நிறைய. பெரிய குடும்பங்கள் மிகச் சில. பாம்பிலும் பல்லியிலும் வண்டிலும் கண்ட அதே வடிவம், கணக்கிலும் வந்து நின்றது!

காரணம் புரிவது கஷ்டம் அல்ல. வட்டிக்கு விட்ட பணம் குட்டி போடுகிறது. குட்டியும் குட்டி போடுகிறது. அதுபோல, இரண்டு இனம் உள்ள வீட்டுக்கு, ஒரு இனம் உள்ள வீட்டைப் போல இரண்டு மடங்கு வாய்ப்பு. பத்து உள்ள வீட்டுக்குப் பத்து மடங்கு வாய்ப்பு. முந்திக்கொண்டது மேலும் முந்துகிறது. முதலில் முந்தியது திறமையால் அல்ல. அதிர்ஷ்டத்தால்!

நீங்களே வரைந்து பாருங்கள்

யூல் எண்ணியது, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்பதைத்தான். பின்னால் வந்தவர்கள் அதே விதியைக் கொண்டு, மரத்தின் வடிவத்தையும் கணக்கிட்டார்கள். அதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

ஒரு கோடு போடுங்கள். அது இரண்டாகப் பிரியட்டும். இடது, வலது என்று பெயர் வையுங்கள். இப்போது வலது இரண்டாகப் பிரியட்டும். ஆக, இடப் பக்கம் ஒரு நுனி. வலப் பக்கம் இரண்டு நுனி.

அடுத்தது எது பிரியும்? மூன்று நுனிகளுக்கும் சமமான வாய்ப்பு.

இடது நுனி பிரிந்தால், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. தராசு போலச் சமமான மரம். வலப் பக்கத்து இரண்டில் எது பிரிந்தாலும், ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் மூன்று. சாய்ந்த மரம்.

ஆக, மூன்றில் ஒரு பங்குதான் சமமான மரம் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு, சாய்ந்த மரம்! யாரும் ஓரவஞ்சனை செய்யாமலே மரம் சாய்கிறது.

பத்து நுனிகள் வரும் வரை இதை நடத்தினால் இன்னும் வியப்பு. முதலில் பிரிந்த இரண்டு கிளைகளுக்கும் ஐந்து ஐந்தாகக் கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்பது என்பதற்கும், ஐந்துக்கு ஐந்து என்பதற்கும் ஒரே வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒன்பதில் ஒரு பங்குதான். எந்தப் பக்கம் ஒற்றையாக நின்றாலும் சரி என்று பார்த்தால், ஒன்றுக்கு ஒன்பது என்ற மரம், சமமான மரத்தைப் போல இரண்டு மடங்கு தடவை வரும்!

ஊரில் அண்ணன், தம்பி இரண்டு வம்சம். ஒன்று தெருவையே நிறைத்திருக்கிறது. மற்றொன்று ஒரே வீட்டோடு நிற்கிறது. உடனே பாவம், புண்ணியம் என்று பேச ஆரம்பித்து விடுகிறோம். யூலின் கணக்கு, கொஞ்சம் பொறு என்கிறது.

கணக்கு தோற்ற இடம்

வில்லிஸின் கொள்கையைத் தாவர நிபுணர்கள் பலர் ஏற்கவில்லை. பரப்பைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது, ஒரு காலத்தில் பரந்திருந்த இனமும் பின்னால் சுருங்கிப் போகலாம் என்றார்கள். அந்தக் கொள்கை மங்கிப் போயிற்று.

ஆனால் அதற்காக யூல் போட்ட கணக்கு மறையவில்லை. 1948-ல் டேவிட் கெண்டல் என்ற கணித நிபுணர், இனங்கள் அழிந்து போவதையும் கணக்கில் சேர்த்தார். ஒரு வியப்பு என்னவென்றால், பிறப்பிலும் அழிவிலும் எல்லா இனத்துக்கும் எப்போதும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மிஞ்சி நிற்கும் மரத்தின் வடிவம் யூலின் கணக்குப்படியே அமைகிறது.

பிறகு உயிர் அணுக்களில் உள்ள டி.என்.ஏ.யைப் படிக்க விஞ்ஞானிகள் கற்றார்கள். எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று உண்மையான உயிர் மரங்களை வரைந்தார்கள். அவற்றை யூலின் மரத்தோடு ஒப்பிட்டார்கள்.

உண்மையான மரங்கள், யூலின் மரத்தைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தன!

அப்படியானால் யூல் தோற்றாரா? இல்லை. இங்கேதான் அவர் கணக்கின் பயன் இருக்கிறது. தற்செயல் எவ்வளவு சாய்க்கும் என்று அவர் கணக்கு சொல்கிறது. அதற்கு மேல் உள்ள சாய்வுக்குத்தான் காரணம் தேட வேண்டும். சில கிளைகள் வேகமாகப் பெருகியிருக்கலாம். சில கிளைகள் அழிந்திருக்கலாம்.

நியூசிலாந்து நாட்டில் டுவாட்டரா என்ற பிராணி இருக்கிறது. பார்வைக்கு ஓணான் போல இருக்கும். அதன் கிளையில் இன்று இருப்பது அது ஒன்றுதான். எதிர்க் கிளையில் இருப்பவை பல்லி, ஓணான், பாம்பு எல்லாம் சேர்ந்து 11,000 இனங்களுக்கு மேல்! ஆனால் பூமியில் புதைந்து கிடக்கும் எலும்புகள் வேறு கதை சொல்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், டுவாட்டராவுக்கும் உறவினர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் மாண்டு போனார்கள். தனியாக நிற்பவன் எல்லாம், பிறக்கும் போதே தனியாகப் பிறந்தவன் அல்ல.

60 வயதில் ஆகாய விமானம்

மரக் கணக்கோடு யூல் நின்றுவிடவில்லை. 1927-ல் சூரியனில் தோன்றும் கரும் புள்ளிகளைக் கணக்கிட்டார். ஊசலாடும் குண்டின் மேல், சிறுவர்கள் பட்டாணியை வீசிக்கொண்டே இருந்தால் ஆட்டம் எப்படி மாறும் என்று கற்பனை செய்தார். புள்ளிகள் கூடுவதையும் குறைவதையும் அந்த வழியில் விளக்கினார். இங்கும் தற்செயல்தான் அவருக்குச் சாவி!

60 வயதை ஒட்டி வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். சும்மா உட்காரவில்லை. ஆகாய விமானம் ஓட்டக் கற்றார்! சொந்தமாக ஒரு விமானமும் வாங்கினார். 1932-ல் விமானியாக லைசென்சும் பெற்றார். ஆனால் விரைவிலேயே இருதய நோய் வந்து, பறக்கும் ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

உடல் தளர்ந்தது. மூளை தளரவில்லை. பழைய கிறிஸ்தவ பக்தி நூல் ஒன்றை எழுதியவர் யார் என்று நெடுநாள் தகராறு. நூலில் உள்ள பெயர்ச் சொற்களை யூல் ஒவ்வொன்றாக எண்ணினார். தாமஸ் கெம்பிஸ் என்ற துறவிதான் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்சிக்கு அந்தக் கணக்கு வலுவூட்டியது. இந்த ஆராய்ச்சி 1944-ல் நூலாக வந்தது. அப்போது அவருக்கு வயது 73.

1951-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி, கேம்பிரிட்ஜில் யூல் காலமானார்.

அவர் இறந்து நான்கு ஆண்டுகளில், 1955-ல், ஹெர்பெர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் யூலின் கணக்கைத் தூசி தட்டி எடுத்தார். நகரங்களின் அளவு, மனிதர்களின் வருமானம், நூலில் வரும் சொற்கள் எல்லாவற்றிலும் அதே வடிவம் தெரிவதைக் காட்டினார். பின்னால் நோபல் பரிசு பெற்ற அவர், அந்தக் கணக்குக்கு யூலின் பெயரையே சூட்டினார்.

உயிர் மரம் வரையும் விஞ்ஞானிகள் இன்றும், முதலில் யூலின் மரத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 800 பேரோடு நிற்கும் ஆலுக்கு மாலை போடும் முன்பும், தனியாக நிற்கும் தென்னையைப் பார்த்து உச்சுக் கொட்டும் முன்பும் கேட்க வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது. குலுக்கிப் போட்ட சீட்டே இந்த வேலையைச் செய்திருக்குமா?